காத்து

"புதுசா ஒரு வசனம் எழுதித் தாங்கோ" எண்டு
ஆனைக்கோட்டையிலை டயர்க்கடை திறக்கப்போற செல்வநேசன்
முற்பணமும் தந்திட்டுப் போனார்.

என்னட்டை இருக்கிறதெல்லாம் பழசு.
"தரமான சேவை", "நம்பிக்கையின் சின்னம்",
"அன்புடன் அழைக்கின்றோம்".
ஒரே வசனம்தான்
காலமை பூப்புனித நீராட்டுக்குப் போகும்,
பின்னேரம் பல் வைத்தியரிட்டைப் போகும்.
கஸ்தூரியார் வீதியிலை, எங்கடை அச்சுக் கடையிலை,
சொல்லுகளுக்கு
வாடகைச் சாறியின்ரை மணம் வந்திட்டுது.

திங்கக்கிழமை நான் செய்தது விசர் வேலை.
பெரியாஸ்பத்திரி வாசலிலை கண்ட முதல் சிவப்புச் சேட்டுக்குப் பின்னாலை
சைக்கிளை விட்டன்.
அது திரும்பினால் நானும் திரும்பிறது,
அது நிண்டால் நானும்.
அஞ்சு சந்தி ஓடி
ஒரு மெக்கானிக்கின்ரை படலையிலை முடிஞ்சுது.
"ஆரைத் தேடுறியள்?"
ஒரு வசனத்தை எண்டு சொல்ல வெக்கமாய் இருந்தது.
"சேட்டு நல்லாயிருக்கு" எண்டிட்டுத் திரும்பினன்.

செவ்வாய், சாப்பாட்டுப் பார்சல் சுத்தின பேப்பரிலை
கறி ஊறாத சொல்லுகளை மட்டும் சேர்த்து வாசிச்சம்:
"பிரதேச சபை மழையை ஏலத்தில் விட இணக்கம்."
அமலறோசுக்குச் சோறு புரைக்கேறிப் போச்சு.
டயருக்கு ஒண்டும் வரேல்லை.

வியாழன் அவள்தான் சட்டம் போட்டாள்:
"இண்டைக்கு முழுக்க ஆரும் 'க' வரிசையைத் தொடக்கூடாது.
சொல்லின்ரை தலையிலை க, கா, கி எது வந்தாலும்
ஒரு றோல்ஸ் தண்டம்."

எட்டரைக்கே எங்களுக்குக் கை போச்சு, கால் போச்சு.
காசு போய்த் தாள் ஆச்சு.
கலியாணக் கார்ட் "மாலை மாத்துற மட்டை".
கொம்பியூட்டர் "வெளிச்சப் பெட்டி".
முதலாளி குலவீரசிங்கம் வெறும் "பெரியவர்" ஆனார்,
அதுக்கே அவருக்குப் புழுகம்.
"பிள்ளை எந்த ஊர்?" எண்டு ஒரு அம்மா கேக்க,
குருநகர்க்காரி அமலறோஸ்
மூச்சை ஒருக்கா உள்ளை இழுத்து,
"மீன் மணக்கிற பக்கம், அன்ரி" எண்டாள்.
நான் "கொஞ்சம் பொறுங்கோ" எண்டு ஒருக்கா,
"கரண்ட் போட்டுது" எண்டு ஒருக்கா.
ரெண்டு றோல்ஸ்.
கதைக்கிறது எண்டதே க-விலைதான் தொடங்குது,
மத்தியானத்துக்குப் பிறகுதான் கவனிச்சம்.

ஒவ்வொரு சொல்லையும்
முன்கதவு பூட்டின வீட்டுக்குள்ளை
பின் மதிலாலை ஏறிக் குதிச்சு எடுக்கிற மாதிரி
எடுக்க வேண்டியிருந்தது.
டயருக்குள்ளை இருக்கிறது என்ன?
"ஊதினது."
"அடைச்சு வச்ச மூச்சு."
"ஆரும் விலை பேசாத சாமான்."
நாள் முழுக்க அந்தச் சொல்
தொண்டைக்குள்ளை வீங்கிக்கொண்டு கிடந்தது.

அஞ்சரைக்கு ஷட்டரை இழுத்து விட்டு
சட்டம் முடிஞ்சுது எண்டு அவள் கை தட்ட
என்ரை வாயிலையிருந்து முதல் பாய்ஞ்சது:
"காத்து எங்கடை. றோட்டு உங்கடை."

செல்வநேசன் ரெண்டு தரம் வாசிச்சார்.
தாடையைச் சொறிஞ்சார்.
"காத்தையோ விக்கிறாய் எண்டு சனம் பகிடி பண்ணும், தங்கச்சி.
'தரமான சேவையே எமது இலக்கு' எண்டே போடுங்கோ."
போட்டன்.
மஞ்சளிலை சிவப்பு எழுத்து.

போன கிழமை வீட்டை போகேக்கை
அவற்றை கடையைக் கண்டன்.
பலகை வடிவாய்த்தான் இருக்கு.
அதுக்குக் கீழை, கொம்பிறசருக்குப் பக்கத்துச் சுவரிலை,
சோக்கட்டியாலை, கோணல் எழுத்திலை:
"காத்து எங்கடை".
மற்றப் பாதிக்கு முதலே
சுவர் முடிஞ்சு போச்சு.

அரைக்கட்டை தாண்டிப் போய் நிண்டு,
முன் சில்லின்ரை வால்வைத் திருகி,
உள்ளை இருந்ததை எல்லாம்
நானே திறந்து விட்டன்.
பேந்து சைக்கிளைத் திருப்பி
உருட்டிக்கொண்டு போனன்,
ஒண்டும் தெரியாதவள் மாதிரி.